சொரியாசிஸ் வந்த தோலைப் பராமரிக்கும் முறை

விடைத்தாள் திருத்தும்போது இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிக்கொள்வது எனக்கு நெடுநாள் பழக்கம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, அப்படி ஊன்றும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடிப்பான திட்டு ஒன்று தோன்றியது; நகத்தால் சுரண்டினால் மெழுகுவர்த்தியைச் சீவியது போல வெள்ளைச் செதில் உதிர்ந்தது. படை என்று நினைத்து, ஊர்ச் சந்திப்பில் இருந்த மருந்துக் கடையில் கேட்டேன். ஒரு டியூபைக் கொடுத்தார்கள். பத்து நாளில் திட்டு மறைந்தது, பூசுவதை நிறுத்தியதும் திரும்பி வந்தது, மறுபடி பூசினேன், மறுபடி மறைந்தது. இப்படியே ஓராண்டு கழிந்தபோது முழங்கைத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தது. திட்டுகளோ முழங்காலுக்கும் தலைக்கும் பரவியிருந்தன. அதன் பிறகுதான் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனேன். இது சொரியாசிஸ் என்பதும், நான் பூசி வந்தது அழற்சியை அடக்கும் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சைக் கொல்லியும் கிருமிக் கொல்லியும் ஒன்றாகக் கலந்த களிம்பு என்பதும் அங்கேதான் தெரிந்தன.

நோய் செய்ததைவிட, மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மாற்றுவதுமாக நான் அலைந்ததே என் தோலுக்கு அதிகக் கேடு செய்தது. சொரியாசிஸை வேரோடு அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை; ஆனால் ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு. கடற்கரை வீட்டின் இரும்புக் கம்பிக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசுவதைப் போல, இந்தத் தோலுக்கும் நாள்தோறும் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. அவற்றை நம் குமரி மாவட்டத்தின் மழைக்கும் காற்றுக்கும் தொழிலுக்கும் ஏற்றபடி எப்படிச் செய்வது என்று, நானும் என்னைப் போன்ற சிலரும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

தோலுக்குள் நடப்பது

நம் தோலின் அடியடுக்கில் பிறக்கும் உயிரணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அந்த ஒரு மாதப் பயணம் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது. முதிராத உயிரணுக்கள் மேலே வந்து குவிவதுதான் செதில். இந்த அவசரத்துக்குக் காரணம் அழுக்கோ கிருமியோ அல்ல. உடலைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு வகை, தோலில் பகைவன் இருப்பதாக எண்ணி, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ஓயாமல் சுரக்கிறது. அதனால் இது தொட்டால் ஒட்டாது; ஒரே சோப்பு, ஒரே துண்டு, ஒரே படுக்கை, ஒரே குளம் எதனாலும் பரவாது. பரம்பரையில் வரும் வாய்ப்பு உண்டு என்றாலும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

உள்ளே இருக்கும் இந்தத் தன்மையை வெளியே இழுத்துவிடும் தூண்டுதல்கள் பல. தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரத்தில் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் உடம்பெங்கும் மழைத்துளி போலச் சிறு புள்ளிகள் தோன்றுவதுண்டு. மன உளைச்சல், புகை, மது, உடல் பருமன், சில மாத்திரைகள் ஆகியவையும் நோயைக் கிளப்பும். இரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் புரோப்ரனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை, மனநல மருந்தான லித்தியம், மலேரியாவுக்கும் மூட்டு நோய்க்கும் கொடுக்கும் குளோரோகுயின் வகை மருந்துகள் அந்தப் பட்டியலில் உள்ளன. இவற்றை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொரியாசிஸ் இருப்பதைச் சொன்னால் மாற்று மருந்து உண்டா என்று அவர் பார்ப்பார்.

தோலில் காயம் பட்ட இடத்திலும் உராய்வு பட்ட இடத்திலும் புதிய திட்டு முளைப்பது இந்த நோயின் குணங்களில் ஒன்று. ஜெர்மானிய மருத்துவர் கோப்னர் 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்து எழுதியதால் இன்றும் அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. நான் மேசையில் ஊன்றிய முழங்கையில் நோய் தொடங்கியதற்கும் இதுவே விளக்கம். சொறிவதும், செதிலைப் பிய்ப்பதும், காய்ந்த பீர்க்கங்காய் நாராலோ தேங்காய் நாராலோ தேய்த்துக் குளிப்பதும் நோய்க்கு நாமே விதை போடுவதாகும்.

வேறு நோயல்ல என்று உறுதி செய்தல்

நம் நிறத் தோலில் சொரியாசிஸ் படங்களில் காட்டுவது போல இளஞ்சிவப்பாக இருக்காது. கரும்பழுப்பாகவோ நாவற்பழச் சாயலிலோ இருக்கும், அதன் மேல் வெள்ளிச் செதில் படிந்திருக்கும். படர்தாமரை வட்டமாக ஓரத்தில் மட்டும் தடித்து, நடுவில் தெளிந்திருக்கும்; சொரியாசிஸ் திட்டு முழுவதும் ஒரே தடிப்பாக இருக்கும். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மங்கியிருக்கும். சொரியாசிஸ் திட்டில் எறும்பு ஊர்ந்தாலும் தெரியும். வியன்னாவின் ஹெப்ரா 1841-இல் பிரித்துக் காட்டும்வரை மருத்துவர்களே இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள் என்றால், நம் ஊரில் சிலர் இன்றும் குழம்புவதில் வியப்பில்லை. ஆனால் இவையெல்லாம் சந்தேகம் எழுப்புவதற்கான அடையாளங்களே. உறுதி செய்ய வேண்டியவர் தோல் மருத்துவர். தேவைப்பட்டால் அவர் ஒரு சிறு துணுக்குத் தோலை எடுத்துப் பரிசோதிப்பார்.

நகத்தையும் பாருங்கள். கொத்திய அம்மியின் முகம் போல நகத்தில் சிறு சிறு குழிகள் இருந்தாலோ, எண்ணெய்ச் சொட்டு விழுந்தது போல மஞ்சள் கறை தெரிந்தாலோ, நகம் அடியிலிருந்து பெயர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். நகத்தில் நோய் உள்ளவர்களுக்கு மூட்டிலும் வரும் வாய்ப்பு கூடுதல்.

அன்றாடக் கவனிப்பு

நாள்தோறும் குளிக்கலாம், குளிக்க வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கொதிக்கும் வெந்நீர் அரிப்பைத் தணிப்பது போலத் தோன்றும், ஆனால் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடும். பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் இருக்கும்போதே, அதாவது மூன்று நிமிடத்துக்குள், ஈரத்தைப் பூட்டும் களிம்பைப் பூசிவிட வேண்டும். செலவு தாங்காதவர்களுக்கு வெள்ளை பாரஃபின் களிம்போ, வீட்டுத் தேங்காய் எண்ணெயோ போதும். விலை உயர்ந்த களிம்பை மாதம் ஒருமுறை பூசுவதைவிட, தேங்காய் எண்ணெயை நாளுக்கு இரண்டு முறை பூசுபவரின் தோல் நன்றாக இருப்பதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். பாரஃபின் ஊறிய துணியில் தீ எளிதில் பற்றும் என்பதால், பூசிக்கொண்டு அடுப்படியிலும் குத்துவிளக்கின் அருகிலும் நிற்கும்போது கவனம் வேண்டும்.

மருந்துக் களிம்புக்கு அளவு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்குப் போதுமானது. விரல்களையும் சேர்த்து உங்கள் ஒரு உள்ளங்கை என்பது உடற்பரப்பில் ஒரு சதவீதம். உங்கள் திட்டுகள் எத்தனை உள்ளங்கை என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் போனால் களிம்பு மட்டும் போதாது, ஒளி சிகிச்சையோ மாத்திரையோ தேவைப்படலாம். அளவு குறைவாக இருந்தாலும் உள்ளங்கை, உள்ளங்கால், முகம், மறைவிடம் ஆகிய இடங்களில் வந்தால் மருத்துவர் அதைக் கடுமையானதாகவே கருதுவார்.

ஸ்டீராய்டு களிம்பு தீங்கான பொருள் அல்ல; சரியான வீரியத்தில், சரியான இடத்தில், சொன்ன நாளுக்கு மட்டும் பூசினால் அது நல்ல மருந்து. முகம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய மெல்லிய தோலில் வீரியமான களிம்பைப் பூசவே கூடாது. திட்டு தட்டையானதும் ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் முறைப்படி ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் என்று குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் கால்சிபோட்ரியால் களிம்பு கொடுத்திருந்தால், செதிலை இளக்கும் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தை அதன் மேல் பூசாதீர்கள்; அமிலம் அதன் வீரியத்தை அழித்துவிடும்.

தலையில் செதில் அட்டையாகப் படிந்திருப்பவர்கள் முதல் நாள் இரவே வேலையைத் தொடங்க வேண்டும். இளஞ்சூடான தேங்காய் எண்ணெயையோ மருத்துவர் தந்த சாலிசிலிக் அமில எண்ணெயையோ, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, மண்டைத் தோலில் படும்படி விரல் நுனியால் வைத்து, பழைய துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுங்கள். காலையில் ஊறிய செதிலைப் பல் அகன்ற சீப்பால் படுக்கை வாட்டில் மெதுவாகத் தூக்கினால் அது தானாக வரும். வராததை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் வலிந்து எடுத்தால் அடியில் இரத்தப் புள்ளிகள் தெரியும், அந்தக் காயமே அடுத்த திட்டுக்கு இடம். பிறகு நிலக்கரித் தார் கலந்த மருந்து ஷாம்பூவை ஐந்து முதல் பத்து நிமிடம் தலையில் நிற்க வைத்து அலசி, தலை உலர்ந்த பின்பு மருந்து நீரைத் தோலில் சொட்டு சொட்டாக விட வேண்டும். நீண்ட கூந்தல் உள்ள பெண்கள் மருந்தை முடியில் வீணாக்கிவிட்டு, குணமில்லை என்று வருந்துவதைப் பார்க்கிறேன்.

வாரம் ஒரு நாள் மட்டும் மாத்திரை

மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை நம் நாட்டில் பரவலாகக் கொடுக்கப்படும், விலை குறைந்த, நல்ல மருந்து. ஆனால் இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். எங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்டும் ஒரு அண்ணாச்சி, சீட்டில் எழுதியிருந்ததைப் புரிந்துகொள்ளாமல், சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து இதையும் தினமும் விழுங்கினார். ஆறாம் நாள் வாய் முழுவதும் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. இரத்த அணுக்கள் குறைந்துபோய்ப் பல நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். அன்றிலிருந்து நான் அறிந்த எல்லோரிடமும், மாத்திரை அட்டையின் மேல் “ஞாயிறு மட்டும்” என்று தமிழில் எழுதி ஒட்டச் சொல்கிறேன். வேறு நாள்களில் ஃபோலிக் அமில மாத்திரை எடுக்கச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் எது வந்தாலும் அடுத்த மாத்திரையை விழுங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இந்த மருந்து எடுப்பவர் மதுவைத் தொடக் கூடாது; இரண்டும் சேர்ந்தால் ஈரல் கெடும். இரத்த அணுக்களையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் சொன்ன தேதியில் பரிசோதிக்க வேண்டும். குழந்தை பெற எண்ணும் தம்பதியர், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அசிட்ரெடின் என்ற மற்றொரு மாத்திரையை நிறுத்திய பின்பும் மூன்று ஆண்டுகள் வரை பெண்கள் கருத்தரிக்கக் கூடாது என்பதால், இளம்பெண்களுக்கு அதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அறையில் நின்று ஒளி வாங்கும் புற ஊதா-பி (UVB) கதிர்ச் சிகிச்சை கர்ப்பிணிகளுக்கும் ஏற்றது. ஆனால் மாதக்கணக்கில் பேருந்து ஏறி வர வேண்டும் என்பதைக் கணக்கில் கொண்டே தொடங்குங்கள். ஊசி வழியாகச் செலுத்தும் உயிரியல் மருந்துகள் பலருக்கும் தோலை ஏறக்குறைய முழுமையாகத் தெளிய வைக்கின்றன. செலவு அதிகம், தொடங்குமுன் காசநோய் உடலில் உறங்கிக் கிடக்கிறதா என்று கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

நாட்டு மருந்து பற்றி

சித்த மருத்துவம் இதைக் காளாஞ்சகப்படை என்று குறிக்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும். பல வீடுகளில் இதைத் தயாரிக்கிறார்கள். மேலே பூசும் அந்த எண்ணெய் தோலை மென்மையாக்குகிறது, வெடிப்பும் புண்ணும் இல்லாத இடத்தில் பூசுவதில் நான் தவறு காணவில்லை. கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பட்டம் பெற்ற மருத்துவர்களிடம் போகிறவர்களும் உண்டு. நான் அஞ்சுவது, பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொட்டலப் பொடிகளைத்தான். அவற்றில் பாதரசம், பாஷாணம், ஈயம் இருக்கலாம். சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருப்பார்கள். ஒரே வாரத்தில் தோல் பளிச்சென்று ஆகும். பொடியை நிறுத்தியதும் உடல் முழுவதும் நோய் வெடித்துக் கிளம்பும்.

மழையும் ஆடிக் காற்றும் வேலையும்

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைக்கின்றன. குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்தில் வாரக்கணக்கில் துணி காயாத நாள்களில், அக்குளிலும் மார்பின் அடியிலும் இடுப்பு மடிப்பிலும் வரும் சொரியாசிஸ் செதிலின்றி ஈரமாகப் பளபளக்கும். அதன் மேல் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அந்த இடங்களை உலர வைத்து, பருத்தித் துணி அணிந்து, ஈரத் துணியை உடனே மாற்ற வேண்டும். இதற்கு மாறாக, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், தோவாளை பக்கத்தில் ஆடிக் காற்று அடிக்கும்போது தோல் வறண்டு வெடிக்கும். அந்த மாதங்களில் எண்ணெய் பூசுவதை இருமடங்காக்குங்கள்.

காலை இளவெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்பது பலருக்கு நன்மை தரும். நம் ஊர் வெயில் கடுமையானது. தோல் கன்றினால் அந்த இடத்திலேயே நோய் முளைக்கும், எனவே நண்பகல் வேண்டாம். கடலில் குளிப்பவர்கள் கரையேறியதும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி எண்ணெய் பூச வேண்டும்.

பால் வெட்டுபவர்கள் ரப்பர் ஷீட் உறைய வைக்கும் அமிலத்தை வெறுங்கையால் தொட வேண்டாம். அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், தொலி நீக்கும் பெண்களுக்கு உள்ளங்கையில் சொரியாசிஸ் இருந்தால், அண்டி எண்ணெய் படும் வேலையிலிருந்து தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுப்பது நல்லது. வலை இழுக்கும் மீனவர்கள் உள்ளே பருத்திக் கையுறையும் மேலே ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளலாம். வெறும் ரப்பர் கையுறை வியர்வையைத் தேக்கும்.

உணவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. மீனையும் கருவாட்டையும் விட்டுவிட்டால் குணமாகும் என்பதற்குச் சான்று இல்லை. செதிலாக நாம் இழப்பதில் புரதமும் உண்டு. மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) மட்டும் தின்று மீனை விலக்குபவர் மேலும் மெலிவார். உடல் எடை கூடியிருந்தால் குறையுங்கள், புகையையும் மதுவையும் விடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் பாருங்கள். இந்த நோய் உள்ளவர்களுக்கு அவையும் கூடுதலாக வருகின்றன.

காத்திருக்கக் கூடாத நேரம்

காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் மூட்டு இறுகியிருப்பது, ஒரு விரல் மட்டும் முழுவதும் வீங்குவது, குதிகால் வலி ஆகியவை மூட்டு சொரியாசிஸின் அறிகுறிகள். வாயு என்று தைலம் தேய்த்து மாதங்களைக் கடத்தினால் மூட்டு நிலையாகக் கோணிவிடும். உடல் முழுவதும் சிவந்து சூடேறி நடுக்கம் வந்தாலோ, காய்ச்சலோடு சீழ்க் கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது உயிருக்கு ஆபத்தான நிலை.

ஊராருக்குச் சொல்வது

ஒருமுறை குளத்துப் படிக்கட்டில் நான் சட்டையைக் கழற்றியபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கையை நிறுத்திவிட்டு, “மக்களே, இது ஒட்டுவாரொட்டியா?” என்று கேட்டார். முன்பெல்லாம் இப்படிக் கேட்டால் தலை குனிந்து வீடு திரும்பிவிடுவேன். அன்று, “இல்ல பாட்டி, எனக்குப் பதினெட்டு வருசமா இருக்கு, என் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் ஒண்ணும் வரல்ல” என்றேன். அவர் துவைப்பதைத் தொடர்ந்தார். முடி வெட்டுபவரிடமும், உடன் வேலை செய்பவரிடமும், பெண் பார்க்க வந்தவரிடமும் நாமே முந்திக்கொண்டு இரண்டு வரியில் சொல்லிவிடுவது, மறைத்து முழுக்கைச் சட்டைக்குள் வேர்த்துக்கொண்டிருப்பதைவிட எளிது. வீட்டில் இருப்பவர்கள் முதுகில் மருந்து பூசிவிட வேண்டும். எட்டாத இடம் என்பதால் மட்டுமல்ல, இந்த நோயில் தொடுகை அற்றுப்போவதுதான் மனத்தை அதிகம் நோகச் செய்வது. தூக்கம் கெட்டு, எதிலும் பற்றில்லாமல் நாள்கள் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த கைப்பேசிப் படங்களையும், தொண்டை வலி, புதிய மாத்திரை, வீட்டுத் துக்கம் என்று நோய் கிளம்புவதற்கு முன் நடந்தவற்றை எழுதிய ஒரு சிறு நோட்டையும் கொண்டுபோங்கள். இதுவரை பூசிய, விழுங்கிய எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலி டியூபும், வெட்பாலை எண்ணெய்ப் புட்டியும், யாரோ கொடுத்த பெயரில்லாப் பொடியும் அந்தப் பைக்குள் இருக்கட்டும்.